உழக்கு நெய்யும் ஒரு பிடி அரிசியும்

ஒரு செயலுக்கென்று பணத்தையோ நேரத்தையோ ஒதுக்கி வைப்பதில் நேர்ந்த சிக்கல்களை எழுதச் சொல்லிச் சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் ஏழுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: என் தந்தை 1991-ஆம் ஆண்டில் எங்கள் ஊர்ச் சிவன் கோயிலில் நாள்தோறும் மாலையில் ஒரு விளக்கு எரிய வேண்டும் என்று 5,000 ரூபாயை நிரந்தர வைப்பாகக் கட்டினார். வட்டி எண்ணெய்க்குப் போதவில்லை என்று சொல்லி இப்போது விளக்கை நிறுத்திவிட்டார்கள். அப்பாவின் தருமம் பாதியில் நின்றதில் எனக்கு மனம் ஆறவில்லை. தவறு யாருடையது?
– வாசகி, மயிலாடுதுறை

பதில்: அம்மா, தவறு உங்கள் தந்தையாருடையதும் அன்று, கோயில் அலுவலகத்தாருடையதும் அன்று; ரூபாயினுடையது. 1991-இல் பத்து விழுக்காடு வட்டி கிடைத்தது என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 500 ரூபாய் வந்திருக்கும், அந்தக் காலத்து விலையில் சந்தி வேளைக்கு ஓர் அகலை இழுத்துப் பிடித்து எரித்திருக்கலாம். இன்று ஆறரை விழுக்காடு என்றால் 325 ரூபாய்தான் தேறும். அதில் செக்கு நல்லெண்ணெய் ஒரு லிட்டர் வாங்க முடிந்தாலே பெரிது. தொகை அப்படியே பத்திரமாக இருக்கிறது, விளக்குதான் அணைந்துவிட்டது.

இந்தச் சிக்கலை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம்மவர்கள் யோசித்திருக்கிறார்கள் என்பதற்கு, உங்கள் ஊரிலிருந்து அதிக தூரம் இல்லாத தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளே சான்று. அங்கே இராசராசன் காலத்தில் ஒரு நந்தா விளக்குக்கு, அதாவது இரவும் பகலும் அணையாமல் எரியும் விளக்குக்கு, 96 ஆடுகள் விடப்பட்டன. ஆடுகளைப் பெற்றுக்கொண்ட இடையர் நிசதம் உழக்கு நெய், அதாவது நாள்தோறும் நாழியில் நாலில் ஒரு பங்கு நெய், கோயிலுக்கு அளக்க வேண்டும். நான் ஒருமுறை இதை விரல்விட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆண்டுக்கு 365 உழக்கு என்றால் 91 நாழியும் ஓர் உழக்கும் ஆகிறது. ஆக, ஓர் ஆட்டிடமிருந்து ஓர் ஆண்டு முழுமைக்கும் கேட்டது ஏறத்தாழ ஒரு நாழி நெய்தான். மீதிப் பாலும் குட்டிகளும் எருவும் மேய்ப்பவருக்கு மிஞ்சியிருக்கும் என்பது என் ஊகம். பேராசையில்லாத இந்தக் கணக்குதான் அந்த ஏற்பாட்டைத் தாங்கிய தூண் என்று நினைக்கிறேன்.

அந்த ஆடுகளுக்குக் கல்வெட்டுகள் வைத்த பெயர் இன்னும் அழகானது: சாவா மூவாப் பேராடு. ஆடு சாகாதா, மூப்படையாதா என்று கேட்கத் தோன்றும். செத்த ஆட்டுக்கும் கிழடு தட்டிய ஆட்டுக்கும் ஈடாக மந்தையில் பிறந்த குட்டிகள் வந்து சேர்வதால், கணக்கில் எண்ணிக்கை என்றும் குறையாது என்பதே இதன் பொருள். இங்கே முதலும் உயிருள்ளது, வட்டியும் உயிருள்ளது. நெய்யின் விலை பத்து மடங்கு ஏறினாலும் இடையர் அளக்க வேண்டியது அதே உழக்குதான். காசாக முதல் வைத்த இடங்களில் ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு, இன்றைய கணக்கில் பன்னிரண்டரை விழுக்காடு, பொலிசையாக, அதாவது வட்டியாக, வாங்கினார்கள். வட்டியை நெல்லாகவே அளக்க வேண்டும் என்று விதித்த கல்வெட்டுகளும் உண்டு. வேண்டியது நெல் என்றால் வட்டியும் நெல்லாகவே வரட்டும் என்ற அந்தத் தெளிவு நம் வங்கிச் சீட்டில் இல்லை.

இனி நீங்கள் செய்யக்கூடியதைச் சொல்கிறேன். நாள்தோறும் விளக்கு என்பதை விட்டுவிட்டு, ஆண்டுக்கு ஒரு நாள், உங்கள் தந்தையாரின் நட்சத்திரத்தன்றோ திதியன்றோ அன்று முழுதும் விளக்கெரிய அந்த வைப்பை மாற்றித் தரும்படி கட்டளைதாரரின் வாரிசாக எழுதிக் கேளுங்கள். உடன்பிறந்தவர்கள் சேர்ந்து முதலைப் பெருக்க முடியுமானால் இன்னொரு நிபந்தனையையும் சேர்த்து எழுதுங்கள்: வட்டியில் பாதியை மட்டுமே செலவிட வேண்டும், மறுபாதி முதலோடு சேர வேண்டும். அதுவே உங்கள் மந்தையில் பிறக்கும் குட்டி. ஒரு விளக்கு எத்தனை நாள் எரிந்தது என்று உங்கள் தந்தையார் கணக்குப் பார்த்திருக்க மாட்டார். இத்தனை ஆண்டுகளில் அது ஆயிரக்கணக்கான மாலைகள் எரிந்திருக்கிறதே, அம்மா.

கேள்வி: நிவந்தம், கட்டளை, அறக்கட்டளை ஆகியவற்றுக்கு என்ன வேறுபாடு?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: ஒரு காரியம் இடையறாமல் நடப்பதற்காக ஏற்படுத்தி வைக்கும் பொருளும் ஏற்பாடும் நிவந்தம். இன்னதை, இன்ன நாளில், இன்ன அளவில் செய்ய வேண்டும் என்று கொடுத்தவர் விதிப்பது கட்டளை. அவர் விதித்தபடி நடப்பதனால் அந்த ஏற்பாட்டுக்கே கட்டளை என்று பெயர் வந்தது. பொதுநலத்துக்கான நிறுவனத்தை அறக்கட்டளை என்கிறோம். ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் சொல்லுக்கு நம்பிக்கை என்று பொருள். அவர்கள் வாங்கிக்கொள்பவரின் மனத்தைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள், நாமோ கொடுத்தவரின் வாய்மொழியைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறோம்.

கேள்வி: நாங்கள் படித்த அரசுப் பள்ளிக்கு ஒரு வகுப்பறை கட்டித் தருவதற்காக முன்னாள் மாணவர்கள் வாட்ஸ்அப் குழு வழியாக 3 இலட்சம் ரூபாய் திரட்டினோம். அதற்குள் அரசே கட்டடம் கட்டிவிட்டது. அந்தப் பணத்தில் ஊர் ஏரியைத் தூர்வாரலாம் என்று பாதிப் பேரும், கூடாது என்று பாதிப் பேரும் சொல்கிறார்கள். சங்கம் எதுவும் பதிவு செய்யவில்லை. எது சரி?
– வாசகர், அரூர்

பதில்: இரு தரப்பாரும் நல்ல எண்ணத்தோடுதான் பேசுகிறார்கள். ஆனால் பணம் இரு தரப்பாருக்கும் சொந்தமில்லை. வகுப்பறைக்கென்று கொடுத்தவருடைய சொல் அந்தப் பணத்தின் மீது இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஏரி நல்ல காரியம் என்பதனால் மட்டும் அந்தச் சொல் கழன்றுவிடாது.

குறித்த நோக்கம் நிறைவேறாமல் போனால் என்ன செய்வது என்ற கேள்விக்குச் சென்னையிலேயே புகழ்பெற்ற விடை ஒன்று இருக்கிறது. பச்சையப்ப முதலியார் 1794-இல் இறப்பதற்கு முன் எழுதிய உயிலில், தம் செல்வத்தைக் கோயில் வழிபாடுகளுக்கும் தருமங்களுக்கும் எழுதி வைத்தார். அந்தப் பணம் உரிய வழியில் செலவாகாமல் பல ஆண்டுகள் வழக்கில் கிடந்தது. கடைசியில் நீதிமன்றம் தலையிட்டு, உயிலில் சொன்ன தருமங்களுக்கு வேண்டியதை ஒதுக்கியபின் சேர்ந்து கிடந்த உபரியைக் கல்விக்குத் திருப்பிவிட்டது. 1842-இல் பச்சையப்பர் பெயரில் பள்ளி தோன்றியது, பின்னாளில் கல்லூரியும் வந்தது. அவர் எழுதி வைத்தது பூசைக்கு, விளைந்தது பள்ளிக்கூடம். இதைச் சொல்லும்போது பலரும் மகிழ்ச்சியோடு தலையசைக்கிறார்கள். எனக்கும் மகிழ்ச்சிதான். ஆயினும் இதில் இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும்: முதலில் சொன்ன நோக்கத்துக்கு உரியதை எடுத்து வைத்த பிறகே மிச்சத்தைத் தொட்டார்கள், தொட்டவரும் பொறுப்பில் இருந்த தனிமனிதர் அல்லர், நீதிமன்றம். இன்றும் பொது அறக்கட்டளை ஒன்றின் நோக்கம் நிறைவேற வழியில்லாமல் போனால், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92-ஆம் பிரிவின்படி நீதிமன்றத்தை அணுகி, மூல நோக்கத்துக்கு இயன்றவரை நெருக்கமான வேறொன்றுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

உங்களுடையது அவ்வளவு பெரிய விவகாரம் இல்லை. கொடுத்தவர்கள் எல்லாரும் உயிரோடிருக்கிறார்கள், கைப்பேசியில் கிடைக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதி, பணத்தைத் திரும்பப் பெற விருப்பமா, அதே பள்ளியின் வேறு தேவைக்கு விட விருப்பமா, ஏரிக்கு விட விருப்பமா என்று கேளுங்கள். குழுவில் கட்டைவிரல் உயர்த்திய படத்தைப் போட்டவர்களை எல்லாம் ஒப்புதல் தந்தவர்களாகக் கணக்கில் எடுக்காதீர்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். வராத பதிலுக்கு உரிய பணம் பள்ளிக்கே போகட்டும், ஏனெனில் அதுவே முதல் நோக்கத்துக்கு அருகில் இருப்பது.

ஏரி என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. உத்திரமேரூரில் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் ஏரி வாரியத்துக்கு ஆள் எடுக்கும் முறையை விரித்துச் சொல்கின்றன. குடவோலையைத்தான் எல்லாரும் பேசுவார்கள். முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதிருந்தவரும் அவருடைய உறவினரும் ஓலையில் பெயர் எழுதப்படவே தகுதியற்றவர்கள் என்ற விதியை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. உங்கள் 3 இலட்சம் எங்கே, யார் பெயரில், எந்தக் கணக்கில் இருக்கிறது என்பதை இன்றைக்கே குழுவில் வெளியிட்டுவிடுங்கள். தகராறில் பாதி அதோடு அடங்கிவிடும்.

கேள்வி: வருமான வரியோடு கல்விக்கென்று தனியாகப் பிடிக்கிறார்களே, அது கல்விக்குத்தான் போகிறதா?
– வாசகர், ஓசூர்

பதில்: 2004-இல் வரித்தொகையின் மீது 2 விழுக்காடாகத் தொடங்கி, 2007-இல் மேலும் 1 விழுக்காடு சேர்ந்து, 2018 முதல் சுகாதாரத்தையும் கூட்டி 4 விழுக்காடாக வாங்கப்படும் மேல்வரி அது. தொடக்கக் கல்விக்கென்று காலாவதியாகாத நிதி ஒன்றையும் ஏற்படுத்தியிருக்கிறார்கள். ஆனால் மேல்வரி என்பதனால் அரசமைப்பின் 270-ஆம் பிரிவின்படி அதில் மாநிலங்களுக்குப் பங்கு கிடையாது, பள்ளிகளில் பெரும்பாலானவற்றை நடத்துவதோ மாநிலங்கள். சோழர் காலத்தில் ஏரி ஆயம் என்றே ஒரு வரி இருந்தது. கொடுத்தவர் மறுநாள் கரைக்குப் போய், மண் அள்ளியிருக்கிறார்களா என்று தம் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம். தில்லிக்குப் போன பணத்தை எந்தக் கரையில் நின்று பார்ப்பது?

கேள்வி: என் மகளுக்கு ஏழு வயது. அவள் படிப்புக்கென்று சமையலறையில் ஒரு டப்பாவில் பணம் சேர்க்கிறேன். "அவசரம், அடுத்த மாதம் வைத்துவிடுகிறேன்" என்று கணவர் எடுத்துவிடுகிறார், திரும்ப வைப்பதில்லை. மாத முடிவில் மிஞ்சுவதைத்தான் போடுகிறேன், அதுவும் மிஞ்சுவதில்லை. சண்டையில்லாமல் சேர்க்க வழியுண்டா?
– வாசகி, திருப்பூர்

பதில்: உண்டு, அம்மா. உங்கள் கடிதத்தின் கடைசி வாக்கியத்திலேயே நோயும் இருக்கிறது, மருந்தும் இருக்கிறது. மிஞ்சியதை ஒதுக்குவது என்பது ஒருபோதும் நடக்காது. பிடி அரிசி வைத்த பாட்டிகள் அதைச் சோறு பொங்கி முடித்த பிறகு வைத்தார்களா என்று யோசித்துப் பாருங்கள். உலையில் போட அளந்த அரிசியிலிருந்து, களைவதற்கு முன்பே, ஒரு பிடியை எடுத்துத் தனிப்பானையில் போட்டுவிடுவார்கள். அளந்த அரிசியில் ஒரு பிடி குறைந்தால் வீட்டில் யாருக்கும் வயிறு தெரியாது. மாதம் முடிந்தால் பானை கனக்கும்.

அந்தப் பிடி அரிசி சில்லறைச் சமாசாரம் இல்லை. விருதுநகரில் சத்திரிய வித்தியாசாலைப் பள்ளிக்கு வீடு வீடாகப் பிடி அரிசி எடுத்து வைத்துத் தந்திருக்கிறார்கள். அந்தப் பள்ளியில் படித்த ஒரு சிறுவன்தான் பின்னாளில் முதலமைச்சராகி ஊர்தோறும் பள்ளியும் மதிய உணவும் கொண்டுவந்த காமராசர். அதே ஊர் வணிகர்கள் மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை எடுத்துப் பொதுக்காரியங்களுக்கு வைத்தார்கள். நகரத்தார் பர்மாவிலும் மலாயாவிலும் கடை வைத்திருந்தபோது அவர்களுடைய பேரேட்டிலேயே மகமைக்குத் தனிப்பற்று இருந்தது. இலாபம் பார்த்து எடுத்தது இல்லை, வியாபாரம் நடக்கும்போதே எடுத்தது. உங்கள் ஊர் பனியன் கம்பெனிகளில் சம்பளம் வாரத்துக்கு வருமானால், வந்த அன்றே, மளிகைக் கடைக்குப் போகும் முன்பே, எடுத்துவிடுங்கள்.

இரண்டாவது, டப்பாவை மாற்றுங்கள். கைக்கெட்டும் இடத்தில் இருப்பது ஒதுக்கிய பணம் இல்லை, ஒளித்த பணம்தான். ஒளித்ததைக் கண்டுபிடித்து எடுப்பதில் எடுப்பவருக்குக் குற்றவுணர்ச்சியும் குறைவு. மகளுக்குப் பத்து வயது ஆகாததால் அஞ்சலகத்தில் அவள் பெயரில் செல்வமகள் சேமிப்புக் கணக்குத் தொடங்கலாம். ஆண்டுக்குக் குறைந்தது 250 ரூபாய் கட்டினால் போதும், 15 ஆண்டுகள் கட்ட வேண்டும். அவளுக்குப் பதினெட்டு வயதானதும் மேற்படிப்புக்கென்று பாதிவரை எடுக்கலாம். அதற்கு முன் யார் அவசரத்துக்கும் எளிதில் எடுக்க முடியாது என்பதுதான் உங்களுக்கு வேண்டிய வசதி. கணக்குப் புத்தகத்தை மகளிடமே கொடுத்து, மாதத்துக்கு ஒருமுறை தொகையை அவள் அப்பாவிடம் படித்துக் காட்டச் சொல்லுங்கள். டப்பாவில் கை வைத்த மனிதர், மகள் கையிலிருக்கும் புத்தகத்தைப் பார்த்துவிட்டு அடுத்த மாதம் நூறு ரூபாய் கூடுதலாகக் கொடுத்தாலும் கொடுப்பார்.

கேள்வி: ஓய்வு பெற்றுவிட்டேன். இனி என் நேரம் முழுவதையும் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க ஒதுக்குவது என்று முடிவெடுத்து, ஆறு மாதம் காலை மாலை இரு வேளையும் நடத்தினேன். உடம்பும் மனமும் சலித்துவிட்டன. நிறுத்தினால் பிள்ளைகளை ஏமாற்றியதாகுமோ?
– வாசகர், காரைக்குடி

பதில்: ஐயா, கோயில்களில் நந்தா விளக்கு மட்டும் எரியவில்லை, சந்தி விளக்கும் எரிந்தது. அந்தி சாயும் நேரத்தில் மட்டும் ஏற்றப்படும் அதற்கும் தனியே கொடை கொடுத்துக் கல்லில் வெட்டி வைத்தார்கள். நந்தா விளக்கு வைக்க வசதியில்லாதவன் கொடுத்தது என்று அதை யாரும் இளக்காரமாக எழுதவில்லை. நீங்கள் ஒற்றை ஆளாக நந்தா விளக்கு எரிக்கப் புறப்பட்டுவிட்டீர்கள், 96 ஆடு இல்லாமல்.

காஞ்சிபுரத்தை அடுத்த திருமுக்கூடலில் சோழ மன்னன் வீரராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, மாணவர்களும் கோயில் பணியாளர்களும் நோயுற்றால் தங்கி மருந்துண்ண 15 படுக்கைகளோடு ஆதுலசாலை நடந்ததைச் சொல்கிறது. அதில் என்னைக் கவர்ந்தது படுக்கை எண்ணிக்கை அன்று. மருத்துவர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், மூலிகையும் விறகும் கொண்டுவர இருவர், நோயாளிகளைக் கவனிக்கப் பெண்கள் இருவர் என்று வேலையை ஆள்வாரியாகப் பிரித்து, ஒவ்வொருவருக்கும் உரிய படியையும், நோயாளிக்கு நாளொன்றுக்கு நாழி அரிசி என்பதையும் எழுதி வைத்திருக்கும் நிதானம்தான். தொண்டு என்ற பெரிய சொல்லில் அத்தனையையும் போட்டு மூடவில்லை.

ஆகவே வாரத்துக்கு மூன்று நாள், மாலை ஒன்றரை மணி நேரம் என்று அளந்து, அந்த அளவைப் பிள்ளைகளிடமும் பெற்றோரிடமும் சொல்லிவிடுங்கள். முடிவுத் தேதியையும் சொல்லுங்கள். உத்திரமேரூர் வாரியத்தார்க்குக்கூட 360 நாள்தான் கணக்கு. அது முடிந்ததும் விலகிக்கொள்ள வேண்டும், உடனே மறுபடியும் வர முடியாது. இந்தக் கல்வியாண்டின் இறுதிவரை என்று சொல்லித் தொடங்கியவர் மார்ச்சில் நிறுத்தினால் அதற்கு ஏமாற்றுதல் என்று பெயரில்லை. இதற்கிடையில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்றைப் பிடித்து, கீழ் வகுப்புக்குப் பின்னக் கணக்குச் சொல்லித்தரப் பழக்குங்கள்.

கேள்வி: எனக்கு இருபத்திரண்டு வயது. பழைய திருவிழா நோட்டீசுகள், நாடகத் துண்டறிக்கைகள், திருமண அழைப்பிதழ்கள் ஆகியவற்றைச் சேர்க்கிறேன். "குப்பை பொறுக்குகிறாயா?" என்று வீட்டில் கேட்கிறார்கள். ஒரே விஷயத்தில் இவ்வளவு கவனத்தைக் கொட்டுவது வீண்தானா?
– வாசகர், புதுக்கோட்டை

பதில்: உங்கள் ஊருக்குப் பக்கத்தில், செட்டிநாட்டுக் கோட்டையூரில், இப்படி ஒருவர் இருந்தார். விளம்பரப் பலகை எழுதும் ஓவியரான ரோஜா முத்தையா தம் வாழ்நாளில் பெரும்பகுதியை அச்சான தமிழைச் சேர்ப்பதிலேயே கழித்தார். நூல்கள், இதழ்கள் ஆகியவற்றோடு அவர் நின்றிருந்தால் அவரும் ஒரு புத்தகப் பிரியர் என்ற அளவில் போயிருப்பார். நாடக நோட்டீசு, துண்டறிக்கை, அழைப்பிதழ் என்று பிறர் எறிந்ததையும் அவர் எடுத்து வைத்தார். 1992-இல் அவர் மறைந்த பிறகு அந்தச் சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, ஊரைவிட்டு, நாட்டைவிட்டுக் கொண்டுபோகாமல், 1994-இல் சென்னையிலேயே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக அமைய வழி செய்தது. இன்று தமிழ் அச்சு வரலாற்றைப் பற்றி ஆராய வருபவர்கள் அந்தப் படியை மிதிக்காமல் போவதில்லை.

எல்லாச் சேகரிப்பும் நூலகமாகும் என்று உங்களுக்கு ஆசை காட்ட மாட்டேன். உங்கள் வீட்டார் கேட்பதிலும் ஒரு நியாயம் இருக்கிறது: எதைச் சேர்க்கிறோம் என்று எல்லை வகுக்காத சேகரிப்பு மெல்ல மெல்ல மூட்டையாகிவிடும். ஆகவே எல்லையைக் குறுக்கிக்கொள்ளுங்கள். புதுக்கோட்டை மாவட்டத்துத் திருவிழா நோட்டீசு மட்டும் என்று வைத்துக்கொண்டாலே ஒரு வாழ்நாளுக்குப் போதும். எந்த ஆண்டில் வள்ளி திருமணம் நாடகம் போட்டார்கள், எந்த ஆண்டில் அது பாட்டுக் கச்சேரியாக மாறியது, மண்டகப்படி யார் யாருக்கு, ஒலிபெருக்கி எப்போது உபயத்தில் சேர்ந்தது என்பதெல்லாம் அந்த மஞ்சள், ரோஸ் தாள்களில் தவிர வேறெங்கும் எழுதி வைக்கப்படவில்லை.

கிடைத்த அன்றே, தாளின் பின்புறம், ஓர் ஓரத்தில், எங்கே யாரிடமிருந்து எந்தத் தேதியில் கிடைத்தது என்று பென்சிலால் எழுதிவிடுங்கள். பேனா வேண்டாம், மை ஊறி முன்பக்கத்துக்கு வந்துவிடும். செலோடேப்பைக் கிட்டவே சேர்க்காதீர்கள். மடித்து வந்த நோட்டீசைப் பிரித்து, இரண்டு வெள்ளைத் தாளுக்கு நடுவில் வைத்து, மேலே கனமான அகராதி ஒன்றை ஒரு வாரம் ஏற்றி வையுங்கள். மடிப்பில் கிழிவது நிற்கும்.